இரு பட்டைக் கம்பியில்லா வீட்டு வலையமைப்பு: வேகம் எங்கே தொலைகிறது?

க.பொ.த. உயர்தரம் – தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்
அலகு: தரவுத் தொடர்பாடலும் கணினி வலையமைப்பும்



வழிபடுத்தப்பட்ட ஊடகம், வழிபடுத்தப்படாத ஊடகம் என்ற பாகுபாட்டை இவ்வலகில் ஏற்கெனவே கற்றுள்ளீர்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று உதாரணம் தருக என்றால் எல்லோரும் எழுதிவிடுவீர்கள். ஆனால் ஒரு வீட்டின் அமைப்பைத் தந்து, இங்கே வேகம் ஏன் குறைகின்றது என்று வினவினால் பலரது பேனா அந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றது. எனவே இப்பாடத்தில் வரைவிலக்கணங்களை அடுக்காமல் ஒரேயொரு வீட்டை எடுத்து, அதன் வலையமைப்பைத் தொடக்கத்திலிருந்து அமைத்துப் பார்ப்போம்.

கலைப்பிரிவில் இப்பாடத்தைத் தெரிவு செய்தோர் "மீடிறன்" என்ற சொல்லைக் கண்டதும் இது பௌதிகவியல் மாணவருக்குரியது என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதை எழுதும் நானும் கலைப் பட்டதாரியே. இங்கே தேவைப்படும் பௌதிகம் ஒரு வகுத்தல் கணக்கும் கொஞ்சம் பொது அறிவும்தான்.

மாதிரி வினா

ஒரு வீட்டின் முன் மண்டபத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால், ஒளியிழை இணைப்பின் வழிப்படுத்தி வைக்கப்பட்டுள்ளது. இணைப்பின் வேகம் செக்கனுக்கு 100 மெகாபிட் ஆகும். மண்டபத்திலிருந்து இரண்டு கற்சுவர்களைத் தாண்டி, 12 மீற்றர் தூரத்தில், குசினியை அடுத்த அறையில் உயர்தரம் கற்கும் மாணவி ஒருத்தி மடிக்கணினி மூலம் நிகழ்நிலை வகுப்பில் பங்குபற்றுகிறாள். மண்டபத்தில் அளந்தால் 90 மெகாபிட் கிடைக்கின்றது. அவளது அறையில் 4 மெகாபிட் மட்டுமே கிடைக்கின்றது. வகுப்பின்போது படம் உறைகின்றது, குரல் அறுகின்றது. இதற்கான காரணங்களை விளக்கி, பொருத்தமான தீர்வுகளை முன்வைக்குக.

வகுப்பில் இவ்வினாவைக் கொடுத்தால் பத்துப் பேரில் ஏழு பேர் "வேகம் கூடிய இணைப்பைப் பெற வேண்டும்" என்று தொடங்குகின்றார்கள். இவ்விடைக்குப் புள்ளி இல்லை. ஏன்? மண்டபத்தில் 90 மெகாபிட் கிடைக்கின்றது என்று வினாவே சொல்லிவிட்டது. வீதியிலிருந்து வீட்டுக்கு வரும் பாதையில் குறை இல்லை. குறை வீட்டுக்குள், அந்த 12 மீற்றரில் இருக்கின்றது. மாதாமாதம் கூடுதலாகப் பணம் கட்டி 300 மெகாபிட் இணைப்பு எடுத்தாலும் குசினி அறையில் அதே 4 மெகாபிட்தான் வரும். தகப்பனார் பணம் கட்டிவிட்டார், பிள்ளைக்கு இன்னும் குரல் விளங்கவில்லை என்ற நிலை இப்படித்தான் உண்டாகின்றது.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் கைபேசிக்குள்ளும் மடிக்கணினிக்குள்ளும் வந்தபோது, "விளங்கேல்லை, திரும்பச் சொல்லுங்கோ" என்ற குரல் இணைப்பே இல்லாத வீடுகளிலிருந்து மட்டும் வரவில்லை. நல்ல இணைப்புள்ள வீடுகளிலிருந்தும் வந்தது. அவ்வீடுகளில் பலவற்றில் வழிப்படுத்தி தொலைக்காட்சிக்குப் பக்கத்திலும், படிக்கும் பிள்ளையின் மேசை வீட்டின் கடைசி அறையிலும் இருந்தன. பெண் பிள்ளை என்றால் பெரும்பாலும் குசினிப் பக்கம். இதைத் தொழினுட்பப் பிரச்சினை என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

இரு பட்டைகள் எவை?

வைஃபை என்பது ஐ.ஈ.ஈ.ஈ. நிறுவனத்தின் 802.11 என்னும் நியமக் குடும்பத்தைப் பின்பற்றும் கம்பியில்லாத் தொடர்பாடல் ஆகும். முதலாவது நியமம் 1997இல் வெளியானது. அதன் உச்ச வேகம் செக்கனுக்கு 2 மெகாபிட் மட்டுமே. வைஃபைக் கருவிகள் பொதுவாகப் பயன்படுத்தும் மீடிறன் பட்டைகள் இரண்டு. ஒன்று 2.4 கிகாஹேட்ஸ், மற்றையது 5 கிகாஹேட்ஸ். இவ்விரண்டிலும் ஒரே நேரத்தில் இயங்கக்கூடிய இரு வானொலிப் பகுதிகளைக் கொண்ட கருவியே இரு பட்டை வழிப்படுத்தி எனப்படும். அண்மைய நியமங்கள் 6 கிகாஹேட்ஸ் பட்டையையும் பயன்படுத்துகின்றன. நமது வினாவுக்கு அது தேவையில்லை.

இனி அந்த வகுத்தல் கணக்கு. மின்காந்த அலையின் கதி செக்கனுக்கு 30 கோடி மீற்றர். கதியை மீடிறனால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 2.4 கிகாஹேட்ஸ் என்பது செக்கனுக்கு 240 கோடி அதிர்வுகள். எனவே 30ஐ 240ஆல் வகுக்க 0.125 மீற்றர், அதாவது 12.5 சென்ரிமீற்றர் வரும். 5 கிகாஹேட்ஸுக்கு 30ஐ 500ஆல் வகுக்க 0.06 மீற்றர், அதாவது 6 சென்ரிமீற்றர் வரும். மீடிறன் கூட அலைநீளம் குறையும். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறு விகிதசமனானவை.

இதனால் வீட்டில் என்ன நடக்கின்றது? திறந்தவெளியில், ஒரே வலுவில், ஒரே வகையான அன்ரனாக்களைப் பயன்படுத்தினால், 5 கிகாஹேட்ஸில் பெறப்படும் வலு 2.4 கிகாஹேட்ஸில் பெறப்படுவதன் ஏறத்தாழ 23 சதவீதமே ஆகும். (2.4ஐ 5ஆல் வகுத்து வர்க்கித்துப் பாருங்கள்.) காற்று 5 கிகாஹேட்ஸை விழுங்கிவிடுகின்றது என்று சிலர் எழுதுகின்றனர். அது தவறு. அலைநீளம் குறையும்போது அதே வகை அன்ரனா சிறியதாகின்றது, சிறிய அன்ரனா குறைந்தளவு வலுவையே பிடிக்கின்றது. இது மழைநீரை அகன்ற பீப்பாயிலும் சின்னப் பேணியிலும் பிடிப்பது போன்றது.

சுவர் வந்தால் நிலைமை மேலும் மோசமாகும். கல், சீமெந்து, இரும்புக் கம்பி கொண்ட கொங்கிறீற்று ஆகியவை 5 கிகாஹேட்ஸை 2.4 கிகாஹேட்ஸை விடக் கூடுதலாக வலுவிழக்கச் செய்கின்றன. மரக்கதவும் பலகைத் தட்டியும் பெரிதாகத் தடுப்பதில்லை. இரும்பு அலுமாரி, பெரிய நிலைக்கண்ணாடி, தகரம் ஆகியன இரு பட்டைகளையும் தெறிக்கச் செய்யும். நீர்த்தாங்கியில் உள்ள நீர் உறிஞ்சும். நமது வினாவில் வழிப்படுத்தி தொலைக்காட்சிக்குப் பின்னால் உள்ளது என்று வேண்டுமென்றே தரப்பட்டுள்ளது. தொலைக்காட்சியின் பின்புறத்தில் உலோகத் தகடு உண்டு. சமிக்ஞை புறப்படும் இடத்திலேயே ஒரு தடை நிற்கின்றது என்பதை விடையில் குறிப்பிடுக.

அப்படியானால் 5 கிகாஹேட்ஸ் எதற்கு?

இவ்விடத்தில் மாணவர் பலர் மறுகோடிக்குப் போய், 2.4 தூரம் போகும், ஆகவே அதுவே சிறந்தது என்று முடிக்கின்றார்கள். அவசரப்படக் கூடாது. 2.4 கிகாஹேட்ஸ் பட்டை மிக ஒடுக்கமானது. அது 2400 மெகாஹேட்ஸிலிருந்து 2483.5 மெகாஹேட்ஸ் வரையான, 83.5 மெகாஹேட்ஸ் அகலமுள்ள ஒழுங்கை. இதற்குள் 13 அலைவரிசைகள் குறிக்கப்பட்டுள்ளன. முதலாவதின் மையம் 2412 மெகாஹேட்ஸ், அடுத்தடுத்த மையங்களுக்கிடையே 5 மெகாஹேட்ஸ் இடைவெளி மட்டுமே உண்டு. ஆனால் ஒரு பரிமாற்றத்துக்கு ஏறத்தாழ 20 மெகாஹேட்ஸ் அகலம் தேவை. எனவே 1ஆம் அலைவரிசையில் ஒருவர் பேசினால் 2, 3, 4 ஆகியவற்றிலும் அது கேட்கும். ஒன்றன்மீது ஒன்று படாத மூன்றைத் தெரிவு செய்யக் கேட்டால் விடை 1, 6, 11 ஆகும். இது மனனம் செய்யவேண்டிய எண் அல்ல. 2412, 2437, 2462 என்று மையங்களை எழுதிப் பார்த்தால் 25 மெகாஹேட்ஸ் இடைவெளி தானாகவே தெரியும்.

இந்த ஒழுங்கையில் வைஃபை மட்டும் செல்வதில்லை. புளூடூத் செல்கின்றது, கம்பியில்லாச் சுட்டிகள் செல்கின்றன. நுண்ணலை அடுப்பு 2450 மெகாஹேட்ஸ் அளவில் இயங்குகின்றது. அதன் மூடியின் ஓரத்தால் கசியும் சொற்ப அலை உடலுக்குத் தீங்கில்லை என்றாலும் அருகிலுள்ள வைஃபைக்கு இரைச்சலாகும். நமது மாணவி குசினியை அடுத்த அறையில் இருக்கிறாள் என்பதை மறக்க வேண்டாம். இதற்கு மேலாக அயல் வீடுகளின் வழிப்படுத்திகள் உண்டு. கொழும்பில் தொடர்மாடி ஒன்றில் கைபேசியைத் திறந்தால் இருபது பெயர்கள் வரிசையாக வரும். காணி அகலமான ஊர் வீட்டில் இரண்டு மூன்று வரும். ஒரே கருவி இரு இடங்களில் வேறுவேறாக நடந்துகொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

5 கிகாஹேட்ஸ் பட்டை இதைவிடப் பன்மடங்கு அகன்றது. 20 மெகாஹேட்ஸ் மட்டுமன்றி 40, 80, சில கருவிகளில் 160 மெகாஹேட்ஸ் அகல அலைவரிசைகளையும் அதில் அமைக்கலாம். பட்டையகலம் கூடினால் ஒரு செக்கனில் செல்லும் தரவும் கூடும். ஆகவே வேகம் அலையின் கதியில் இல்லை. இரு பட்டைகளிலும் அலை ஒரே கதியில்தான் செல்கின்றது. வேகம் பாதையின் அகலத்திலும் நெரிசலின்மையிலும் இருக்கின்றது. "5 கிகாஹேட்ஸ் அலை வேகமாகச் செல்லும்" என்று எழுதினால் புள்ளி போய்விடும். மேலும், சுவர் தாண்டாத குணமே 5 கிகாஹேட்ஸுக்கு ஒரு நன்மையும் ஆகின்றது. அயல் வீட்டு அலை நமது அறைக்குள் எளிதில் வராது.

ஒரு கிணறு, பல வாளிகள்

கம்பியில்லா வலையமைப்பில் ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு கருவியே பேசமுடியும். பேசுவதற்கு முன் வேறு யாரும் பேசுகின்றார்களா என்று கேட்டு, அமைதியாக இருந்தால் மட்டும் பேசவேண்டும். துலாக் கிணறு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். துலா ஒன்று, நிற்பவர்கள் ஐந்து பேர். ஒருவர் பெரிய வாளியால் அள்ளுகின்றார், இன்னொருவர் ஒரு குடத்தைச் செம்பு செம்பாக நிரப்புகின்றார். செம்பு வைத்திருப்பவர் முடிக்கும்வரை பெரிய வாளிக்காரரும் காத்திருக்க வேண்டும்.

வீட்டில் செம்புடன் நிற்பது யார்? பழைய கைபேசியாக இருக்கலாம், அல்லது தூர அறையில் நலிந்த சமிக்ஞையுடன் இருக்கும் புதிய மடிக்கணினியாகவும் இருக்கலாம். சமிக்ஞை நலிந்தால் கருவியும் வழிப்படுத்தியும் தாமாகவே குறைந்த வேகத்துக்கு இறங்கி, ஒரு பொதியை அனுப்ப நீண்ட நேரம் எடுக்கின்றன. பொதி சிதைந்தால் மீண்டும் அனுப்புகின்றன. எனவே தூர அறையில் உள்ளவரின் குறை மண்டபத்தில் உள்ளவரையும் பாதிக்கின்றது. வீட்டார் இதை அறிந்தால், படிக்கும் பிள்ளையின் அறைக்கு நல்ல சமிக்ஞை கொடுப்பது தமக்கும் இலாபம் என்பது விளங்கும்.

இங்கே கெட்டிக்கார மாணவர் ஒருவர் கேட்கக்கூடிய கேள்வி: நிகழ்நிலை வகுப்புக்குச் சில மெகாபிட் போதுமே, 4 மெகாபிட் இருந்தும் ஏன் படம் உறைகின்றது? 4 என்பது சராசரி. ஒரு கணம் 9, மறு கணம் 0 என்று வந்தாலும் சராசரி நாலாகலாம். காணொளியைத் தரவிறக்கும்போது இந்த ஏற்ற இறக்கம் தெரியாது. நேரடிப் பேச்சில் பொதி அரைச் செக்கன் பிந்தினாலும் குரல் அறும். அத்துடன் மாணவி கேட்பதோடு நிற்காமல் பேசவும் வேண்டும். மடிக்கணினியின் அனுப்பும் வலு பொதுவாக வழிப்படுத்தியினதைவிடக் குறைவு. ஆகவே ஆசிரியரின் குரல் அவளுக்கு வந்து சேரும், அவளது கேள்வி ஆசிரியரிடம் போய்ச் சேராது. வேகம், தாமதம், பொதி இழப்பு மூன்றையும் வேறுபடுத்தி எழுதும் விடை தனித்துத் தெரியும்.

பெட்டியில் உள்ள எண்

கடையில் வழிப்படுத்தியின் பெட்டியில் "1200" என்று அச்சிடப்பட்டிருக்கும். 1200 மெகாபிட் கிடைக்கும் என்று எண்ணி வாங்குவோர் பலர். இவ்வெண் இரு பட்டைகளின் உச்ச வேகங்களின் கூட்டுத்தொகை. 2.4 கிகாஹேட்ஸில் 300, 5 கிகாஹேட்ஸில் 867, கூட்டினால் 1167. அதை முழுமைப்படுத்தி 1200 என்கின்றார்கள். ஒரு கருவி வழமையாக ஒரு நேரத்தில் ஒரு பட்டையிலேயே இணையும், எனவே இக்கூட்டுத்தொகை எவருக்கும் கிடைப்பதில்லை. அந்த 867உம் ஆய்வுகூட உச்சம். முறை பார்த்துப் பேசுதல், உறுதிப்படுத்தல் செய்திகள் ஆகியவற்றில் நேரம் செலவாவதால் பயன்படுத்துநருக்கு அருகிலிருந்தே பாதியளவு, அல்லது அதற்குச் சற்று மேல் கிடைத்தால் நன்று. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மலிவான சில வழிப்படுத்திகளில் கம்பித் துறைகள் 100 மெகாபிட் வகையின. வீட்டுக்கு 300 மெகாபிட் இணைப்பு வந்தாலும் அத்துறையைத் தாண்டி 100க்கு மேல் நுழையாது.

நியமங்களின் வரலாறு சுருக்கமாக: 1999இல் 802.11பி, 2.4 கிகாஹேட்ஸில் 11 மெகாபிட். அதே ஆண்டில் 802.11ஏ, 5 கிகாஹேட்ஸில் 54 மெகாபிட். 2003இல் 802.11ஜி, 2.4இல் 54 மெகாபிட். 2009இல் 802.11என், இரு பட்டைகளிலும். 2013இல் 802.11ஏசி, 5இல் மட்டும். 2021இல் 802.11ஏஎக்ஸ், மீண்டும் இரு பட்டைகளிலும். இறுதி மூன்றும் வைஃபை 4, 5, 6 என்று அழைக்கப்படுகின்றன. வைஃபை 5 நியமம் 5 கிகாஹேட்ஸுக்கு மட்டுமே உரியது என்பதால், வைஃபை 5 என்று விற்கப்படும் பெட்டியின் 2.4 பகுதி உண்மையில் வைஃபை 4 ஆகும்.

வலையமைப்பை அமைத்தல்

முதலில் அளக்க வேண்டும். மடிக்கணினியை வழிப்படுத்தியுடன் வடத்தால் இணைத்து வேகத்தை அளக்க. அது 100க்கு அண்மித்தால் வெளி இணைப்புச் சரி. பின்னர் அதே மடிக்கணினியை மண்டபத்திலும் மேசை இருக்கும் அறையிலும் வைத்து, ஒவ்வொரு பட்டையிலும் மும்முறை அளந்து எழுதுக. மருத்துவர் நோயாளியைத் தொடாமல் மருந்து எழுதுவதில்லை.

அடுத்தது இடம். வழிப்படுத்தியைத் தொலைக்காட்சிக்குப் பின்னாலிருந்து எடுத்து, வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, திறந்த தட்டில் வைக்க. ஒளியிழை வடம் நுழையும் இடத்திலேயே கருவியைப் பொருத்திவிட்டுப் போவது வழக்கம். அந்த இடம் வடத்துக்கு வசதியானது, வீட்டுக்கு வசதியானது என்று சொல்லமுடியாது. ஒளியிழையைக் கூராக மடித்து இழுக்கவும் கூடாது, இழை உடையும். ஒளியிழைக் கருவியை அங்கேயே விட்டு, அதிலிருந்து செப்பு வடம் ஒன்றை உள்ளே கொண்டு போவதே பாதுகாப்பானது.

இதற்குக் கெட் 5ஈ வகை முறுக்கிய சோடி வடம் போதும். அது 100 மீற்றர் வரை செக்கனுக்கு 1000 மெகாபிட் கொண்டு செல்லும். அவ்வேகத்துக்கு அதிலுள்ள நான்கு சோடிகளும் தேவை. 100 மெகாபிட்டுக்கு இரண்டு சோடிகளே போதும். ஆகவே நுனியில் ஆர்ஜே 45 இணைப்பியைப் பொருத்தும்போது ஒரு கம்பி சரியாகப் பிடிபடாவிட்டால் வலையமைப்பு நின்றுவிடாமல், சத்தமின்றி 100க்கு இறங்கிவிடவும் கூடும். வடத்தை மின்கம்பியுடன் ஒரே குழாயில் செலுத்த வேண்டாம்.

வடத்தின் மறு நுனியில், மாணவியின் அறையில், இரண்டாவது அணுகற் புள்ளி ஒன்றை வைக்கலாம். பழைய வழிப்படுத்தி கிடந்தால் அதையே பயன்படுத்தலாம். அதன் முகவரியை 192.168.1.2 என மாற்றி (முதலாவது 192.168.1.1 எனக் கொள்க), முகவரி வழங்கும் சேவையை நிறுத்தி, வெளி இணைப்புத் துறையில் அன்றி உள்வலையமைப்புத் துறையில் வடத்தைப் பொருத்துக. முகவரி வழங்கும் சேவை இரண்டிலும் இயங்கினால், சில கருவிகள் தவறான வாயிலைப் பெற்று இணையமின்றி நிற்கும். இந்த ஒரு வரி பரீட்சையிலும் வீட்டிலும் உதவும்.

வடம் இழுக்காமல் சுவரில் செருகும் மீள்பரப்பி வாங்கினால் போதாதா என்று கேட்பார்கள். போதும், ஆனால் விலை உண்டு. ஒரே அலைவரிசையில் கேட்டு அதே அலைவரிசையில் திருப்பிச் சொல்லும் மீள்பரப்பி, ஒவ்வொரு பொதியையும் இரு தடவை காற்றில் ஏற்றுகின்றது. வேகம் ஏறத்தாழ அரைவாசியாகும். ஒரு பட்டையில் கேட்டு மறு பட்டையில் சொல்லும் இரு பட்டை மீள்பரப்பி இதைவிட நன்று. எதுவாயினும் சமிக்ஞை இறந்த அறையில் வைக்காமல் பாதி வழியில் வைக்க வேண்டும். தனக்கே கேட்காததை அது எவ்வாறு திருப்பிச் சொல்லும்? என்னைக் கேட்டால், பதினைந்து மீற்றர் வடமே சிறந்த முதலீடு. வீட்டுக்காரர் சுவரில் துளையிட விடமாட்டார் என்றால் மட்டும் மீள்பரப்பி.

இனி வழிப்படுத்தியின் அமைப்புப் பக்கம். உலாவியில் 192.168.1.1 போன்ற முகவரியை இடுக. உங்கள் கருவிக்குரியது அதன் அடிப்புறச் சீட்டில் இருக்கும். 2.4 பகுதியில் அகலத்தை 20 மெகாஹேட்ஸ் ஆக்கி, அயலார் குறைவாகப் பயன்படுத்தும் ஒன்றை 1, 6, 11 இலிருந்து தெரிவு செய்க. 40 ஆக்கினால் ஒடுங்கிய ஒழுங்கையின் பாதியை நாமே அடைத்தவர்களாவோம், அயலாரும் அதையே செய்தால் எவருக்கும் வழியில்லை. 5 பகுதியில் 80 மெகாஹேட்ஸ் வைக்கலாம். இரு அணுகற் புள்ளிகளுக்கும் வேறுவேறு அலைவரிசை கொடுக்க வேண்டும்.

இரு பட்டைகளுக்கும் ஒரே பெயர் வைப்பதா, வேறு பெயர்களா? ஒரே பெயர் வைத்தால் கருவிகள் தாமே பட்டையைத் தெரிவு செய்யும். அத்தெரிவு எப்போதும் சரியாக அமைவதில்லை. பாடம் படிக்கும் வீட்டில் முதலில் வேறு பெயர்கள் வைத்து, எந்த அறையில் எது நன்று என்று அளந்து அறிந்தபின் ஒன்றாக்குவதே என் சிபாரிசு. தொலைக்காட்சி, அருகிலுள்ள மடிக்கணினி ஆகியவை 5இலும், தூரத்தில் உள்ளவையும் பழையவையும் 2.4இலும் இருக்கட்டும். அசையாத தொலைக்காட்சியை வடத்தாலேயே இணைத்துவிட்டால் கிணற்றடியில் ஒருவர் குறைவார்.

பாதுகாப்பும் வேகத்துடன் தொடர்புடையது என்பதைப் பலர் அறியார். 1997 நியமத்துடன் வந்த வெப் எனும் மறைகுறியாக்க முறையின் பலவீனம் 2001இலேயே வெளிப்பட்டது. 2004இல் டபிள்யூபிஏ 2, 2018இல் டபிள்யூபிஏ 3 வந்தன. கருவிகள் இடங்கொடுத்தால் 3, இல்லையேல் ஏஈஎஸ் உடன் கூடிய 2 தெரிவு செய்க. வெப் அல்லது ரீகேஐபி எனும் பழைய முறையைத் தெரிவு செய்தால், நியமப்படி 802.11என் வேகங்கள் கிடைக்காமல் கருவி 54 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். புதிய வழிப்படுத்தி வாங்கியும் 2003ஆம் ஆண்டு வேகத்தில் நிற்கும் வீடுகள் உண்டு. அமைப்புப் பக்கத்துக்குரிய கடவுச்சொல்லையும் மாற்றுக. வைஃபைக் கடவுச்சொல்லும் அதுவும் ஒன்றல்ல.

நமது நாட்டுக்குரிய இரண்டு விடயங்களைச் சேர்க்க வேண்டும். 2022இல் நாளாந்தம் பல மணிநேரம் மின்வெட்டு நடந்தபோது மடிக்கணினியில் மின்கலம் இருந்தும் வழிப்படுத்தி நின்றதால் வகுப்பும் நின்றது. வீட்டு வழிப்படுத்திகள் பல 12 வோல்ற்றில் இயங்குவன. சிறிய மின்கலக் காப்புக் கருவி ஒன்று போதும். ஒளியிழைக் கருவி தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்து வாங்குக. மற்றது இடி மின்னல். மார்ச்–ஏப்ரலிலும் ஒக்டோபர்–நவம்பரிலும் பின்னேரங்களில் இடிமழை வரும். ஒளியிழை மின்னைக் கடத்தாது, ஆனால் மின்செருகி கடத்தும். இடி முழங்கத் தொடங்கமுன் செருகியைக் கழற்றுக. ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்கு வளவின் மேலாகச் செப்பு வடம் இழுக்கவே வேண்டாம்.

பயிற்சி வினாக்கள்

1. பதிவு செய்யப்பட்ட பாடம் ஒன்றின் கோப்பு 1500 மெகாபைட் ஆகும். 90 மெகாபிட் வேகத்திலும் 4 மெகாபிட் வேகத்திலும் அதைத் தரவிறக்க எடுக்கும் நேரத்தைக் கணிக்குக. (ஒரு பைட் 8 பிட் என்பதால் 12,000 மெகாபிட். முதலாவதில் ஏறத்தாழ 133 செக்கன், இரண்டாவதில் 3000 செக்கன், அதாவது 50 நிமிடம். பைட்டையும் பிட்டையும் மாற்றிக்கொண்டால் கணக்கு எட்டு மடங்கு பிழைக்கும்.)

2. தொடர்மாடி வீடொன்றில் இரவு 8 மணிக்கு 2.4 கிகாஹேட்ஸில் சமிக்ஞைக் குறி முழுமையாகத் தெரிந்தும் வேகம் 3 மெகாபிட்டாகவே உள்ளது. அதிகாலை 5 மணிக்கு அதே இடத்தில் 40 மெகாபிட் கிடைக்கின்றது. வெளி இணைப்பில் குறையில்லை எனின் காரணம் யாது? (சமிக்ஞையின் வலுவும் அலைவரிசையின் நெரிசலும் வேறுவேறு என்பதிலிருந்து தொடங்குக.)

3. இரண்டாவது அணுகற் புள்ளியைப் பொருத்தியபின் மாணவியின் மடிக்கணினிக்கு 192.168.0.105 என்ற முகவரி கிடைத்துள்ளது. வீட்டின் ஏனைய கருவிகள் 192.168.1 எனத் தொடங்கும் முகவரிகளையும் 255.255.255.0 என்ற உபவலை மறைமுகத்தையும் கொண்டுள்ளன. வைஃபை இணைந்துள்ளதாகக் காட்டினாலும் இணையம் வரவில்லை. என்ன அமைப்பு மறக்கப்பட்டுள்ளது என்பதைக் காரணத்துடன் எழுதுக.

4. மேற்படி வீட்டில் வடம் இழுக்கவோ புதிய கருவி வாங்கவோ பணமில்லை. வழிப்படுத்தியை நகர்த்தவும் முடியாது. மாணவியின் வகுப்பு நேரத்துக்கு மட்டும் செய்யக்கூடிய மூன்று மாற்றங்களை எழுதுக. (மேசையையும் நகர்த்தலாம் என்பதை மறவாதீர்கள்.)